நாலு விரல் இறக்கிய வண்டி

இரண்டு வருடம் இருக்கும். நோன்புப் பெருநாள் முடிந்து, கல்யாணங்கள் வரிசையாக வரத் தொடங்கியிருந்த நேரம். மதுரையில் பழைய நகருக்குள், ஒரு வண்டி நுழைந்தால் எதிரில் வருகிற வண்டி பின்னால் போய்த்தான் ஆகவேண்டும் என்கிற மாதிரியான ஒரு சந்தில் எங்கள் வாடகைப் பாத்திரக் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் பிரியாணி போடும் கொட்டகை. கடை என்னுடையது, அடுப்பு என் தங்கை வீட்டுக்காரருடையது. அவர்தான் மாஸ்டர். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பிக்கப் வண்டி. பாத்திரம், விறகு, அரிசி மூட்டை, வெந்த பிரியாணி எல்லாம் அதில்தான் தினமும் போகும். ஓட்டுவது நான்.

எங்கள் மாப்பிள்ளையிடம் ஒரு வழக்கம் உண்டு. அவருடைய அத்தா காலத்திலிருந்து தகப்பன் சொத்தாக வருவது. தம் போட்டு மூடிய தேக்சாவை, அதாவது பிரியாணி இருக்கும் அந்தப் பெரிய பானையை, மாஸ்டர் கை படாமல் யாரும் நகர்த்தக் கூடாது. சாய்ந்தால் உள்ளே அடுக்கு கலைந்துவிடும், அடியில் இருக்கிற மசாலா ஒரு பக்கமாக ஓடிவிடும் என்பார். அதனால் பானையின் வளையங்களில் கயிறு கட்டி, கம்பில் தொங்கவிட்டு, முன்னால் நானும் பின்னால் அவரும் தோளில் சுமந்துகொண்டு வண்டிக்குப் போவோம். என் தங்கையைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவருக்கு ஜோடி நான்தான்.

வண்டிக்குப் போய்ச் சேரும்வரை கஷ்டமில்லை. மூன்று பக்கக் கதவுகளையும் கீழே சாய்த்துவிட்டு, ஆளுக்கொரு பக்கமாக வண்டியை ஒட்டி நடந்தால் பானை தளத்துக்கு மேலே போக வேண்டும். ஆனால் போகாது. பானையின் அடி, தளத்தைவிட அரைச் சாண் கீழே நிற்கும். கயிற்றைக் குட்டையாக்கினால் கம்பு மூடியில் இடிக்கும். பலகை போட்டு ஏற்றினால் பானை சாயும். ஆகவே தோளில் இருக்கிற கம்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கவேண்டும். அந்த அரைச் சாணுக்குத்தான் மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, 'பிஸ்மில்லா' சொல்லி ஏற்றுவோம்.

அந்த வருடம் மாப்பிள்ளைக்குக் குடலிறக்கம் வந்து ஆபரேஷன் ஆனது. எடை தூக்கவே கூடாது என்றார் டாக்டர். மாப்பிள்ளை அதை, "கொஞ்ச நாளைக்குத் தூக்க வேணாம்னு சொல்லிருக்காரு" என்று தனக்குத் தோதாக மாற்றிக்கொண்டார். நோன்பு முடிந்ததும் பழையபடி கம்புக்கடியில் தோளைக் கொடுத்துவிட்டார். வேறு ஆள் போடலாம் என்று நான் பேச்சை எடுத்தாலே, "அப்ப நான் எதுக்கு? வீட்ல உக்காந்து வெங்காயம் உரிக்கவா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் தங்கை கடைக்கு வந்து, அவர் தொழப் போயிருக்கிற நேரம் பார்த்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, தம் கட்டித் தூக்குனா தையல் விட்டுரும்னு டாக்டர் என்கிட்டத் தனியாச் சொன்னாரு. மறுக்கா வயித்தக் கிழிக்கணுமாம். நீங்கதான் என்னமாச்சும் பண்ணனும். ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா வேணும்னே ரெண்டு பானையச் சேத்துத் தூக்குவாரு." அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஒரு தங்கைதான்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. என் சுபாவமே அப்படி. ஒரு விஷயம் தலைக்குள் போய்விட்டால் அது முடிகிறவரை உட்கார முடியாது, சாப்பிட முடியாது, பக்கத்தில் இருக்கிறவர்களையும் நிம்மதியாக இருக்க விடமாட்டேன். மாப்பிள்ளையை மாற்ற முடியாது. கம்பையும் கயிற்றையும் மாற்ற முடியாது. அப்படியானால் மாற்ற முடிந்தது வண்டி ஒன்றுதான். வண்டியை இறக்கிவிட்டால்? அந்த அரைச் சாணை வண்டியே விட்டுக்கொடுத்துவிட்டால் அவர் தம் கட்டவே வேண்டாமே! இந்த யோசனை வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

எவ்வளவு இறக்குவது என்பதுதான் சிக்கல். மாப்பிள்ளை என்னைவிடக் குள்ளம். அவர் தோள் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும். நேரில் போய் டேப்பை வைத்து அளக்கவா முடியும்? வெள்ளிக்கிழமை ஜும்மாவில் வேண்டுமென்றே அவர் பக்கத்தில் போய் நின்றேன். தோளோடு தோள் ஒட்டித்தானே நிற்கிறோம். அவர் தோள் என் புஜத்தில் எங்கே படுகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். அல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டு மாப்பிள்ளையின் தோளை அளந்தவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மனசு உறுத்தியது. ஆனாலும் நிய்யத்து, உள்ளே இருக்கிற எண்ணம், நல்லதுதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

சமயநல்லூர் போகிற சாலையில் ஒரு பட்டறை இருக்கிறது. வண்டிகளின் கமான் பட்டை வேலைக்குத் தெரிந்த இடம். பின் சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்து அடுக்கடுக்காக இருக்குமே, அந்த இரும்புப் பட்டைகள்தான். ஒன்றிரண்டை உருவினால் வண்டி கீழே இறங்கும். அங்கே வருகிற எல்லோரும் பட்டை சேர்த்து வண்டியை ஏற்றத்தான் வருவார்கள். இறக்க வந்தவனைப் பார்த்து மெக்கானிக் சிரித்துவிட்டார்.

"என்னா பாய், பையனுக்கு ஸ்டைலுக்கா?"

"எனக்குத்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

முதலில் இரண்டு விரல் இறக்கினோம். கடைக்கு வந்து காலிப் பானையைக் கம்பில் தொங்கவிட்டுப் பார்த்தேன். போதவில்லை. மறுபடி போய் மூன்றாவது விரல். அதுவும் போதவில்லை. ராத்திரி படுத்தால் விரல்கள்தான் கண்ணுக்குள் நின்றன. மூன்றா, நாலா, ஐந்தா? நாலு இறக்கினால் அவர் கம்போடு கொஞ்சம் எம்பினாலே போதும். ஐந்து இறக்கினால் எம்பவே வேண்டாம். ஆனால் அந்த வண்டியில்தான் தினமும் ஊர் ஊராகப் போகவேண்டும். திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்துக்கு ஏறுகிற சரிவு, கிராமத்துக்குக் கிராமம் ஆளாளுக்குப் போட்டு வைத்திருக்கிற வேகத்தடை, மழை பெய்தால் குளமாகிற சாலை, எல்லாவற்றையும் அதே வண்டிதான் தாண்டவேண்டும்.

"நாலுக்கு மேல என் கைல ஆகாது பாய்" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார். "லோடு ஏத்துனதும் அது இன்னும் உக்காரும். அப்புறம் மேடு பள்ளத்துல வயிறு தட்டுச்சுன்னா என்னையத் திட்டக் கூடாது."

நாலு விரலுக்கு ஒத்துக்கொண்டேன். லோடு ஏற்றினால் உட்காரும் என்று அவர் எச்சரித்தது எனக்கு நல்ல செய்தியாகவே பட்டது. முதல் பானை ஏறியதும் வண்டி இன்னும் தாழுமே, அடுத்த பானைக்குச் சுகம்தானே!

அதற்குப் பிறகு என் பாட்டைக் கேட்க வேண்டாம். வேகத்தடை வந்தால் வண்டியைக் கோணலாகத் திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவேன். பின்னால் வருகிறவன் ஆரன் அடித்தே காதைப் பிளப்பான். அடியில் 'கர்ர்' என்று உரசினால் என் வயிற்றிலேயே உரசுகிற மாதிரி இருக்கும். சந்துப் பையன்கள், "வண்டி கெத்தா இருக்கு பாய்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கிண்டல் செய்தது மாப்பிள்ளைதான்.

"என்னா மச்சான், ரோட்டுக்கு மசாஜ் பண்ணிக்கிட்டே போறீங்க? இந்த வயசுல எம்புட்டு ஆசை உங்களுக்கு!"

நான் சிரித்து மழுப்புவேன். "காத்துல வண்டி ஆடுது மாப்ள, அதான்" என்பேன். ஒரு தடவை கிண்டலை விட்டுவிட்டு, "உண்மையச் சொல்லுங்க மச்சான், எதுக்கு எறக்குனீங்க?" என்று என் முகத்தையே பார்த்துக் கேட்டார். நான் டயரைப் பற்றி ஏதோ உளறிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

ஆனால் வேலை சுலபமாகிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வாரத்தில் என் தோளில் பாரம் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. பானை கம்பின் நடுவில் தொங்காமல் அவர் பக்கமாகத் தள்ளித் தொங்குவதை நான் கவனிக்கத்தான் செய்தேன். சந்து குறுகல், திருப்பத்தில் சுவரில் இடிக்காமல் இருக்க அப்படிக் கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தங்கைக்கு போன் போட்டு, "கவலப்படாதத்தா, மாப்ளைக்கு இப்ப பாரமே கெடையாது. வண்டிய எறக்கிட்டேன்ல!" என்று பெருமை அடித்துக்கொண்டேன். அவளும் அழாத குறையாக துவா செய்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் கொட்டாம்பட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில், நிக்காஹ் முடிந்தபின் மணமகன் வீட்டார் கொடுக்கிற வலிமா விருந்து வந்தது. மணமகன் வீட்டில் அடுப்பு போட இடமில்லை, நீங்களே போட்டுக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். விடிந்ததும் அடுப்பு மூட்டி, பதினொரு மணிவாக்கில் மூன்று தேக்சா ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நாலுவழிச் சாலையில் வண்டி அருமையாகப் போனது. பானை துளி ஆடவில்லை. மாப்பிள்ளையே, "பரவால்ல மச்சான், உங்க ஸ்டைலுலயும் ஒரு பிரயோசனம் இருக்கு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஊருக்குள் திரும்புகிற இடத்தில் குடிதண்ணீர்க் குழாய் போட ரோட்டைக் குறுக்கே வெட்டி, மண்ணைப் போட்டு மூடியிருந்தார்கள். மூடியது மேடாக நின்றது. எங்களுக்கு முன்னால் போன டிராக்டர் சாதாரணமாகத் தாண்டியது. பந்தல் கண்ணுக்குத் தெரிகிறது, ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கிறது. நான் வழக்கம்போல் கோணலாகத் திருப்பி ஏற்றினேன். முன் சக்கரம் தாண்டியது. அடுத்த நொடி அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். வண்டியின் வயிறு மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. பின் சக்கரம் இரண்டும் மண்ணைக் கிளறிக் குழி பறித்துக்கொண்டு சுற்றியதே தவிர, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

அதற்குள் விருந்து வீட்டிலிருந்து போன். பந்தி போட ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள், எங்கே இருக்கிறீர்கள் என்று. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. எனக்கு வேர்த்துக் கொட்டியது. "பாரத்த எறக்கிட்டா வண்டி எந்திரிச்சிரும். எறக்கித் தோள்லயே கொண்டு போயிருவோம், வாங்க" என்று மாப்பிள்ளை கைலியை மடித்துக் கட்டிவிட்டுக் கம்பை உருவினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்டபங்களில் எப்போதும் வண்டியைப் பந்தி மேடையோடு ஒட்டி நிறுத்தி, பானையை அப்படியே நகர்த்தி மேடைக்குக் கொண்டுபோய்விடுவோம். அதனால் ஏற்றுவதை மட்டும்தான் அளந்தேனே தவிர, வண்டியிலிருந்து தோளுக்கு எடுக்கவேண்டி வந்தால் என்ன ஆகும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. தளம் உயரமாக இருந்தால் கம்பு தானாகத் தோளுக்கு வரும். நான் நாலு விரல் இறக்கியது போதாதென்று, பாரத்திலும் சக்கரம் பறித்த குழியிலும் அது இன்னும் உட்கார்ந்து கிடக்கிறது; நாங்கள் நிற்பதோ மேட்டின் மேல். இப்போது கம்புக்கடியில் போகவேண்டும் என்றால் முழங்காலை மடித்து உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து தம் கட்டித்தான் எழுந்திருக்க வேண்டும்.

"பொறுங்க மாப்ள, பொறுங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவர் கயிற்றைக் கட்டிவிட்டார், உட்கார்ந்துவிட்டார், "பிஸ்மில்லா" என்றும் சொல்லிவிட்டார். நான் எழாவிட்டால் பானை என் பக்கம் சாய்ந்துவிடும். எழுந்தேன். பாதி எழுந்திருப்போம். அவர் முகம் வெளிறியது. கம்பை மெதுவாகத் தளத்துக்கே இறக்கிவிட்டு, ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியில் சாய்ந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. தங்கை முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. "விடுங்க மாப்ள! தூக்காதீங்கன்னு சொல்றேன்ல! உங்களுக்கு ஆகாதுன்னுதான இந்த வண்டியவே எறக்குனேன்! உங்க தோள அளந்து, மூணு தடவ பட்டறைக்கு அலஞ்சு, ஊரெல்லாம் சிரிச்சு…" என்று நடுரோட்டில் கத்தினேன். பாதி கோபம், பாதி அழுகை.

அவர் என்னையே பார்த்தார். பிறகு அவர் கேட்டதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

"அப்ப உங்க முதுகுக்கு ஒண்ணும் இல்லையா?"

"என் முதுகுக்கு என்னா?"

"மறுக்கா மறுக்கா வண்டிய எறக்குறீங்க. ஏன்னு கேட்டா மழுப்பிட்டு எந்திரிச்சுப் போறீங்க. முதுகெலும்புல ஏதோ போயிருச்சு, தூக்க முடியாம வெளிய சொல்ல வெக்கப்படுறீங்கன்னு நெனச்சேன் மச்சான். அதான் கயித்த எம்பக்கமாத் தள்ளித் தள்ளிக் கட்டிக்கிட்டேன். உங்களுக்குப் பாரம் தெரியக் கூடாதுன்னு."

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளைக்குப் பாரமே கிடையாது என்று தங்கைக்கு போன் போட்டேனே! என் தோளில் குறைந்த அந்தப் பாதியை இவ்வளவு நாளும் தையல் போட்ட வயிற்றோடு இந்த மனிதர் சுமந்துகொண்டு, என்னைக் கிண்டலும் செய்துகொண்டு வந்திருக்கிறார். கன்னத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

பக்கத்துக் காட்டில் கடலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நான் போட்ட கத்தலைக் கேட்டு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அதில் தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மா வண்டியையும் எங்களையும் ஒரு பார்வை பார்த்தார்.

"என்னா பாய், கலியாண வீட்டுச் சோறா? அவருக்கு முடியலையா? நகருங்க, நாங்க கொண்டுபோய் வச்சுட்டு வாரோம்."

அந்த நிலையிலும் மாப்பிள்ளை பதறினார். "வேணாம்த்தா, வேணாம். தம் போட்டது. என் கை படாம நகத்தக் கூடாது."

"அப்ப நீங்க கைய வச்சுக்கிட்டே வாங்க. சொமக்குறத நாங்க சொமக்குறோம்."

அவ்வளவுதான். இத்தனை சுலபமான ஒரு பதில் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. மாப்பிள்ளை ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அவரே கயிற்றைக் கம்பின் நடுவுக்கு நகர்த்தினார். முனைக்கு இரண்டு பேராக நாலு பேர் தோள் கொடுத்து எழுந்தார்கள். அவர் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். "ஆடாம, ஆடாம, வெரசா வேணாம்" என்று சொல்லிக்கொண்டே போனார். மூன்று பானைக்கும் அப்படியே. நான் ஓடிப்போய்ப் பிடிக்கலாம் என்று எழுந்தால், "நீங்க வண்டியப் பாருங்க பாய், குறுக்க வராதீங்க" என்று அதட்டல். பாரம் இறங்கியதும் வண்டி தானாக எழும்பியது. மீதிப் பெண்கள் பின்னால் தள்ள, மேட்டைத் தாண்டிவிட்டேன்.

பந்தி கொஞ்சம் தாமதமானாலும் குறையில்லாமல் நடந்தது. விருந்து வீட்டுக்காரர்கள் அந்தப் பெண்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளை தன் கையாலேயே பரிமாறினார். தலைத்துண்டு அம்மா இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். மாப்பிள்ளை, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, தையல் விடவில்லை, ஆனால் இன்னும் ஒரு தடவை தூக்கியிருந்தால் விட்டிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கிடைத்தது திட்டு. வீட்டுக்குப் போனதும் தங்கையிடம் தனியாக இன்னொரு தவணை.

அடுத்த வாரம் பட்டறைக்கு மாப்பிள்ளையும் கூட வந்தார். வண்டியை எவ்வளவு ஏற்றுவது என்று நானும் மெக்கானிக்கும் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் தளத்தின் ஓரத்தில் போய் நின்று, கையை மூடிமேல் வைப்பது போல் நீட்டிப் பார்த்தார். "ரெண்டு விரல் ஏத்திருங்க. ரெண்டு விரல் அப்படியே கெடக்கட்டும். மேடும் தாண்டும், எனக்கும் கை எட்டும்" என்றார். நான் அத்தனை ராத்திரி தூக்கமில்லாமல் போட்ட கணக்கை அவர் நின்ற இடத்திலேயே முடித்துவிட்டார். கேட்டிருந்தால் முதல் நாளே முடித்திருப்பார். இப்போது கம்பின் பின்முனைக்கு ஓர் ஆள் போட்டிருக்கிறோம். மாப்பிள்ளை கையை மட்டும் வைத்துக்கொண்டு கூடவே வருகிறார், அதட்டல் முன்னைவிட அதிகம்.

ஆளுக்கொரு நல்ல எண்ணத்தை மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, ஒரே கம்பின் இரண்டு முனையில் நாங்கள் எத்தனை நாள் நடந்திருக்கிறோம்! நான் இறக்கிவைத்துவிட்டதாகப் பெருமைப்பட்ட பாரம் அத்தனை நாளும் அவர் தோளில்தான் ஏறியிருந்தது என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்வதில்லை.